மேட்டுத்தெருவுக்கு ஒரு குடம்

"மாமா, எங்க தெருவுக்கு வர்றதுக்குள்ள தண்ணிக்குக் கால் வலிச்சிடுமா?"

பதினோரு வருஷத்துக்கு முன்னால், ஒரு கோடை விடுமுறையில், இனியா என்ற ஒன்பது வயதுப் பெண் தருமனிடம் இப்படிக் கேட்டாள். தருமன் ஆரணியில் ஆற்றோரத்து நீரேற்று நிலையத்தில் பம்ப் ஆபரேட்டர். ஆற்று மணலில் இறக்கிய கிணற்றிலிருந்து தண்ணீரை இழுத்து, ஊருக்குள் நிற்கும் மேல்நிலைத் தொட்டிகளுக்கு ஏற்றி விடுவது அவர் வேலை. நிலையத்தைச் சுற்றி மண்டிக் கிடந்த சீமைக்கருவேல முள்ளை வெட்ட, அந்தக் கோடையில் தினக்கூலிக்கு வந்திருந்தாள் இனியாவின் தாய் அம்மணி. பள்ளிக்கூடம் இல்லாததால் பிள்ளையையும் கூடவே கூட்டி வந்திருந்தாள்.

தருமனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஆமா கண்ணு. உங்க தெரு மேட்டுல கீதில்ல? ஏறி ஏறிக் களைச்சிப் போயி, பாதி வழியிலேயே குந்திக்குது."

"நீங்க வேறண்ணா, அது நெசம்னு நம்பிக்கும்" என்றாள் அம்மணி, முள்ளை இழுத்துப் போட்டபடியே.

நம்பத்தான் செய்தது. மறுநாள் இனியா ஒரு சின்னப் பச்சைப் பிளாஸ்டிக் குடத்தோடு வந்தாள். திருவிழாக் கடையில் பிள்ளைகளுக்கென்று விற்பார்களே, அந்த அளவு. அதைத் தருமன் முன்னால் வைத்துவிட்டு, "இதுல ரொப்பி அனுப்பு மாமா. கொஞ்சூண்டு தண்ணின்னா களைக்காது" என்றாள்.

"அப்படியா? சரி, நாளைக்கு அனுப்புறேன்."

முள் வெட்டும் வேலை அன்றோடு முடிந்துவிட்டது. மறுநாள் அம்மணி வரவில்லை, பிள்ளையும் வரவில்லை. குடம் மட்டும் பம்ப் அறையில் தங்கிப் போயிற்று.

அதற்கு அங்கே ஒரு வேலையும் கிடைத்தது. கிணற்றுக்குள் இறங்கும் குழாயின் அடியில் இருந்த வால்வு ஒழுகிக்கொண்டிருந்த காலம் அது. மோட்டாரை நிறுத்தினால் குழாயில் இருந்த தண்ணீர் மெல்லக் கீழே இறங்கிவிடும். மறுபடி ஓட்டுவதற்கு முன் பம்பின் வாயில் தண்ணீர் ஊற்றி, உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்ற வேண்டும். அப்போதுதான் அது கிணற்றுத் தண்ணீரை இழுக்கும். அதுவரை ஒரு துருப்பிடித்த பெயிண்ட் டப்பாவால் ஊற்றிக்கொண்டிருந்த தருமனுக்கு, அந்தக் குடம் கைக்கு வாகாக இருந்தது. ஒரு நாளைக்கு மூன்று தடவை, நான்கு தடவை. ஊர் முழுக்கக் குடித்த தண்ணீர் அந்தச் சின்னக் குடத்திலிருந்துதான் தொடங்கியது. மேட்டுத்தெருவுக்கு மட்டும் அது போய்ச் சேரவில்லை.

அந்த வருஷம் கார்த்திகை மாதத்தில் இனியா செத்துப் போனாள். மேட்டுத்தெருவில் குழாய் வராத நாட்களில் பெண்களும் பிள்ளைகளும் சேத்துப்பட்டு ரோட்டைத் தாண்டி, எதிர்ப்பக்கத்துக் கழனிக் கிணற்றுக்குப் போவார்கள். விவசாய மோட்டாருக்குக் கரண்டு விடியற்காலையில் வரும். அந்த நேரத்தை விட்டால் கிடையாது. பனி மூட்டத்தில் குடத்தோடு ரோட்டைக் கடந்த பிள்ளையை ஒரு வண்டி தட்டிவிட்டுப் போய்விட்டது. யார் வண்டி என்பது கடைசிவரை தெரியவில்லை.

தருமனுக்குச் செய்தி மூன்றாம் நாள்தான் தெரிந்தது. பச்சைக் குடத்தைத் துணிப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனார். அம்மணி சுவரில் சாய்ந்து, வந்தவர்களை ஏறெடுத்துப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தாள். அவளிடம் அந்தக் குடத்தை எப்படி எடுத்து நீட்டுவது? பையைக் கால் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு பையோடு திரும்பி வந்தார். அன்றிலிருந்து அந்தக் குடத்தில் யாரையும் கை கழுவ விடமாட்டார், வாய் வைத்துக் குடிக்க விடமாட்டார். பம்புக்கு ஊற்ற மட்டும்தான். ஊற்றும்போதெல்லாம், "நாளைக்கு அனுப்புறேன்" என்று தான் சொன்னது அவருக்கு நினைவு வரும். மனிதர்கள் நாம் போகிற போக்கில் எத்தனையோ நாளைகளைச் சொல்லிவிடுகிறோம். கடவுள் அவற்றில் சிலவற்றை மறப்பதில்லை.

இன்னொரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். அது அந்தச் சக்கரம்.

பம்பிலிருந்து ஊருக்குப் போகிற குழாயில், தோள் உயரத்தில் ஒரு வால்வு உண்டு. இரண்டு கையாலும் பிடித்துத் திருகுகிற இரும்புச் சக்கரம். இருபது வருஷத்துக்கு முன், தருமன் வேலைக்கு வந்த புதிதில், அதை முழுக்கத் திறந்து வைத்திருந்த ஒரு நாளில் நெசவாளர் தெருவில் குழாய் வெடித்துவிட்டது. தண்ணீர் வீடுகளுக்குள் புகுந்தது. தறிக்குழிகள் கிணறு போல நிறைந்தன. பாவு கட்டி, பாதி நெய்து நின்றிருந்த பட்டெல்லாம் சாயம் இறங்கிப் போயிற்று. ஒரு வீட்டில் அது கல்யாணத்துக்கு நெய்த சேலை. அந்த வீட்டு அம்மாள் தெருவில் நின்று மண்ணை வாரித் தூற்றியதைத் தருமன் கண்ணால் பார்த்தார். அப்போதிருந்த இன்ஜினீயர் வந்து சக்கரத்தைப் பாதிக்கு மேல் மூடிவிட்டு, "இதுக்கு மேல ஒரு திருகு கூடத் திருகாதே" என்று சொல்லிப் போனார்.

தருமன் பயந்த மனிதர், பக்தியும் உள்ளவர். சந்தவாசல் வழியாகப் படவேடு போய், ரேணுகாம்பாள் சந்நிதியில் வேண்டிக்கொண்டு குங்குமம் வாங்கி வந்தார். இன்ஜினீயர் நிறுத்திய இடத்தில் ஒரு சிவப்புக் கோடு போட்டார். யாரும் தொட்டுவிடாதபடி சக்கரத்தை மஞ்சள் துணியால் கட்டினார். அதற்கப்புறம் ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அந்தச் சக்கரத்துக்குத்தான் முதல் பொட்டு. பழைய துணியின் மேலேயே புதுத் துணி. இருபது வருஷத்தில் அது ஒரு சாமியாகிவிட்டது. இடையில் வந்த இன்ஜினீயர்கள் அதைப் பார்த்துச் செருப்பைக் கழற்றினார்களே தவிர, ஏன் கட்டியிருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை.

கரண்டு பில் மட்டும் ஏறிக்கொண்டே போயிற்று. நகராட்சிக்கு வருகிற செலவிலேயே பெரிய செலவு தண்ணீர் ஏற்றுகிற செலவுதான் என்றார்கள். இனியா வருவதற்கு முன்பே, ஒரு நாளைக்குப் பதினாறு மணி நேரத்துக்கு மேல் மோட்டார் ஓடக்கூடாது என்று உத்தரவு வந்துவிட்டது. வரிசையில் முன்னால் இருந்த தொட்டிகள் நிறைவதற்குள் அந்தப் பதினாறு மணி நேரம் தீர்ந்துவிடும். கடைசித் தொட்டி மேட்டுத்தெருவுடையது. வாரத்துக்கு இரண்டு நாள் அங்கே நூல் போலத் தண்ணீர் வரும்.

இந்த வருஷம் மாசியில், கரண்டுச் செலவை எப்படிக் குறைக்கலாம் என்று பார்க்க ஒரு பெண்ணை அனுப்பினார்கள். தேவிப்ரியா என்று பெயர். இந்த ஊர்ப் பெண்தான். அவள் அப்பா இன்னும் தறியில் உட்காருகிறார். முதல் நாள் கிணற்றடி வால்வைப் பார்த்து, மாற்ற ஏற்பாடு செய்தாள். இரண்டாம் நாள் சக்கரத்துக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று அழுத்தம் காட்டும் இரண்டு மீட்டர்களைப் பொருத்தினாள். மோட்டாரை ஓட்டச் சொன்னாள். முன்னால் இருந்தது ஏழு காட்டியது. பின்னால் இருந்தது நான்கில் நின்றது.

"ஐயா, இந்த மூணு எங்கீங்க போச்சு?"

"தெரியலம்மா."

"இந்தச் சக்கரத்துல போச்சு. பிரேக்கை மிதிச்சிகினே வண்டி ஓட்டுற மாதிரி. மோட்டார் தள்ளிகினே இருக்கு, இது மறிச்சிகினே இருக்கு. நடுவுல நம்ம நகராட்சி கரண்டுக்குக் காசு கட்டிகினு இருக்கு." அவள் மஞ்சள் துணியைத் தொடாமல் எட்டிப் பார்த்தாள். "இது இன்னா வேண்டுதலுங்க?"

தருமன் குழாய் வெடித்த கதையைச் சொன்னார். தறிக்குழி, சாயம் இறங்கிய பட்டு, மண்ணை வாரிய அம்மாள், எல்லாம். தேவிப்ரியா நெசவு வீட்டுப் பிள்ளை. முகம் சுருங்கக் கேட்டுக்கொண்டாள்.

"ஆனா இப்ப ஓடுறது அந்தப் பழைய குழாய் இல்லீங்களே? மேப்புல வேற போட்டிருக்கு."

"இல்லம்மா. அத்த எடுத்துட்டு, பதிமூணு வருஷம் முன்ன புது இரும்புக் குழாய்..."

சொல்லும்போதே அவர் குரல் தேய்ந்தது. அவள் குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள்.

"அப்ப அன்னிக்கே இத்தத் தொறந்திருக்கலாம்" என்றாள் சாதாரணமாக.

பதின்மூன்று வருஷம். தருமன் விரலை மடக்கவில்லை. அவருக்குக் கணக்குப் போட வேண்டிய அவசியம் இருக்கவில்லை. பிள்ளை கேட்டது பதினோரு வருஷத்துக்கு முன்.

"ஏம்மா," என்றார், "தொறந்திருந்தா, மேட்டுத்தெருவுக்குத் தண்ணி போயிருக்குமா?"

"தாராளமா. பதினாறு மணி நேரம் ஏத்துறத பத்து மணி நேரத்துல ஏத்தியிருக்கலாம். மிச்ச நேரத்துல அந்தத் தொட்டியும் ரொம்பியிருக்கும். பில்லும் கம்மியா..." அவள் நிமிர்ந்தாள். "ஐயா, உங்களுக்கு உடம்பு ஏதாவது பண்ணுதா? உட்காருங்க."

அவர் உட்காரவில்லை. சக்கரத்தின் அருகே போய் மஞ்சள் துணியை அவிழ்க்கத் தொடங்கினார். இருபது துணிகள். அடியில் இருந்தவை எண்ணெயும் குங்குமமும் ஊறித் தோல் போல ஒட்டிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றையும் கிழிக்காமல் எடுத்து மடித்து வைத்தார்.

சக்கரம் இறுகிப் போயிருந்தது. எண்ணெய் விட்டு, கம்பி கொடுத்து, தருமனும் எலெக்ட்ரீஷியன் சடையனும் சேர்ந்து கால் கால் திருகாகத் திருகினார்கள். தேவிப்ரியா மோட்டார் இழுக்கும் ஆம்பியரைப் பார்த்துக்கொண்டே, "இன்னும் கொஞ்சம்... நிறுத்துங்க... தாங்குது, இன்னும் கொஞ்சம்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். சிவப்புக் கோட்டைச் சக்கரம் தாண்டியபோது தருமன் கண்ணை மூடிக்கொண்டார்.

எதுவும் வெடிக்கவில்லை. அறைக்குள் இருந்த ஒரு சத்தம் மட்டும் நின்றது. மோட்டாரின் குரலே அதுதான் என்று அவர் இருபது வருஷமாக நினைத்துக்கொண்டிருந்த சத்தம் அது. அடைத்த வாயில் தண்ணீர் முனகிய முனகல் என்று இப்போது தெரிந்தது.

"இன்னாண்ணே, மோட்டாருக்கு நோவு வுட்டுப் போச்சாட்டம் கீது" என்றான் சடையன்.

தேவிப்ரியா கிளம்பும்போது அவர் வாசல்வரை வந்தார். "அம்மா, ரிப்போர்ட்ல என் பேரை எழுதிடு. மூடி வச்சது நான்தான்னு."

அவள் அவரை நின்று பார்த்தாள். "வால்வு பாதி மூடியிருந்தது, திறந்தாச்சுன்னு எழுதியிருக்கேங்க. அவ்ளோதான். புதுக் குழாய் போட்டவங்க உங்ககிட்ட வந்து சொல்லல. அப்புறம் வந்த இன்ஜினீயருங்க கேக்கல. பேர் எழுத ஆரம்பிச்சா நான் எத்தினி பேர் எழுதுறது?" ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, மறுபடி கழற்றினாள். "உங்களுக்கு இதுல வேற ஏதோ இருக்கு. அது என்னன்னு நான் கேக்கல. ஆனா எங்கயாவது போயி சொல்லிடுங்க ஐயா. மனசுல வச்சிகினு இருக்காதீங்க."

சின்ன வயசுப் பெண். ஒரு கருணையை அவர் கையில் வைத்துவிட்டு, ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டு போய்விட்டாள்.

பங்குனியில் மோட்டார் பன்னிரண்டு மணி நேரத்தில் நின்றது. பில்லில் ஆறில் ஒரு பங்கு குறைந்தது. மேட்டுத்தெருத் தொட்டி, கட்டிய நாளிலிருந்து முதல் முறையாக நிறைந்து வழிந்தது. நகராட்சியில் ஒரு சிறிய கூட்டம் போட்டு, வார்டு உறுப்பினர் சிவப்பிரகாசம் தருமனுக்குச் சால்வை போர்த்தினார்.

"தருமண்ணே, அப்படியே எங்க வூட்டு மீட்டரையும் வந்து ஒரு திருகு திருகிட்டுப் போங்க. ஏசி போட்டா பேஜாரா கீது" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். தருமன் கும்பிட்டார். தோளில் கிடந்த சால்வை நனைந்த கம்பளி போல் கனத்தது. வெளியே வந்ததும் அதை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, சைக்கிளை மேட்டுத்தெருவுக்கு விட்டார்.

தெருக்குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. வரிசை இல்லை, சண்டை இல்லை. பெண்கள் நின்று நிதானமாகப் பேசிக்கொண்டே பிடித்தார்கள்.

"தண்ணிக்காரர் வந்துட்டாருடி, வழி வுடுங்க" என்றாள் ஒருத்தி.

"இத்தினி நாளா எந்த வூட்டு விருந்துக்குண்ணா போயிருந்துது, உங்க தண்ணி?" என்றாள் இன்னொருத்தி. அவர் சிரிக்க முயன்று, தலையைக் குனிந்துகொண்டு கடந்தார்.

அம்மணி இப்போது பள்ளிக்கூடச் சத்துணவுக் கூடத்தில் வேலை செய்கிறாள். புருஷன் பெங்களூரில் கட்டட வேலையில் இருக்கிறான். வீட்டில் அவள் ஒருத்திதான். தருமனைப் பார்த்ததும் சொம்பைக் கழுவி, குழாய்த் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"குடிங்கண்ணா. நம்ம தெருத் தண்ணி."

அவர் சொம்பை வாங்கித் தரையில் வைத்தார். "அம்மணி, நான் ஒண்ணு சொல்லணும். சொன்ன பிறவு குடிக்கச் சொல்றதா இருந்தா குடிக்கிறேன்."

சொன்னார். குழாய் வெடித்தது, சக்கரத்தைக் கட்டியது, புதுக் குழாய் வந்தும் அவிழ்க்காமல் விட்டது. "நீயும் பாப்பாவும் அங்க வந்தீங்களே, அந்தக் கோடையில, அன்னிக்கு நான் அத்தத் தொறந்திருந்தா இந்தத் தெருவுக்குத் தண்ணி வந்திருக்கும். பாப்பா ரோட்டைத் தாண்டியிருக்காது. களைச்சிப் போய்க் குந்திக்குதுன்னு சொன்னேன். தண்ணி களைக்கல. மறிச்சது நான்தான்."

அம்மணி வாசல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெளியே யாரோ குழாயை மூடாமல் போக, இன்னொருத்தி திட்டிக்கொண்டே வந்து மூடினாள்.

"தெரிஞ்சா செஞ்சீங்க?" என்றாள் கடைசியில்.

"இல்ல."

"தெரிஞ்சி செய்யலன்னா, நான் உங்கள இன்னான்னு கேக்கறது?" அவள் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தருமனுக்குச் சுலபமாக இருந்திருக்கும். "இத்தினி நாளா அந்த வண்டிக்காரனைச் சபிச்சிகினு இருந்தேன். இப்ப நீங்க வேற வந்து குந்திகினீங்க. உங்களச் சபிக்க எனக்கு வாய் வரலியே."

அவர் சொம்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தக் குடம் கீதா?" என்று கேட்டாள்.

அவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார்.

"பச்சைக் குடம். எங்க போச்சுன்னு கேட்டா, மாமா ரொப்பி அனுப்பும்னு பாப்பா சொல்லிகினே இருக்கும். தெனம் கேக்கும், வந்துச்சா, வந்துச்சான்னு. நான் வாங்கினு வரலாம்னு நெனச்சேன். வேலை இல்லாம அவ்ளோ தூரம் எங்க வர்றது?"

"கீதும்மா. பத்திரமா கீது. கொண்டாந்து குடுத்துடறேன்."

"எனக்கு வாணாம்." அவள் எழுந்துகொண்டாள். "எனக்கு வாணாண்ணா. பாப்பாகிட்ட சொன்னீங்க. அதுகிட்டயே குடுத்துடுங்க."

உள்ளே போய்விட்டாள். தருமன் உட்கார்ந்தே இருந்தார். போகச் சொல்கிறாளா, இருக்கச் சொல்கிறாளா என்று தெரியவில்லை. எழுந்து செருப்பைத் தேடியபோது உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

"தண்ணியக் குடிச்சிட்டுப் போங்க. வெயிலு."

நின்றபடி குடித்தார். சொம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு வெளியே வந்தார்.

மறுநாள் உச்சி வெயிலில், தொட்டிகள் நிறைந்து மோட்டார் நின்ற நேரத்தில், தருமன் பச்சைக் குடத்தைச் சாம்பல் போட்டு விளக்கினார். கிணற்றடி வால்வு புதிதாகிவிட்டதால் பம்பின் வாயில் ஊற்ற இனி எதுவும் வேண்டியதில்லை. குடத்துக்கு வேலை முடிந்திருந்தது. பதினோரு வருஷத்து எண்ணெய்ப் பிசுக்கு மெல்லப் போய், கழுத்தோரத்தில் ஒட்டியிருந்த ஒரு சின்னப் பூ ஸ்டிக்கர் பாதி தெரிந்தது. பிள்ளை ஒட்டியதாக இருக்கும். அவர் இத்தனை நாளும் பார்த்ததில்லை. அதைத் தேய்க்காமல் விட்டார்.

ஊருக்குப் போகிற குழாயிலேயே, சக்கரத்துக்கு அந்தப் பக்கம், சோதனைக்கென்று ஒரு சின்னக் குழாய் உண்டு. அதில் குடத்தைக் கழுத்துவரை பிடித்தார். சைக்கிள் கேரியரில் வைத்தால் தளும்பும். ஒரு கையால் இடுப்பில் அணைத்துக்கொண்டு, ஆற்றங்கரை வழியாகவே நடந்தார்.

இடுகாட்டில் யாரும் இல்லை. அந்த நேரத்தில் ஆடு மேய்ப்பவர்கள் கூட நிழலுக்கு ஒதுங்கியிருப்பார்கள். புங்க மரத்துக்கு அப்பால், பிள்ளைகளைப் புதைக்கிற பக்கத்தில், இரண்டு செங்கல் நட்டிருந்த மண்மேட்டை அவருக்கு அடையாளம் தெரியும். வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் பதினோரு வருஷமாக அந்தப் பக்கம் பார்க்காமல் தலையைத் திருப்பிக்கொண்டு போயிருக்கிறார். இடம் தெரிந்தால்தானே திருப்பிக்கொள்ள முடியும்.

பக்கத்தில் குந்தினார். சாமி பேர் சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டார். வேண்டிக்கொள்ள அவரிடம் எதுவும் இருக்கவில்லை, கொடுக்கத்தான் இருந்தது.

"நாளைக்குன்னு சொன்னேன் கண்ணு" என்றார். "லேட்டாயிடுச்சி."

குடத்தைச் சாய்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். பங்குனி வெயிலில் வெடித்துக் கிடந்த மண், விழுந்த தண்ணீரை விழுந்த இடத்திலேயே வாங்கிக்கொண்டது. அது எங்கும் தேங்கவில்லை, எங்கும் குந்தவில்லை. கடைசிச் சொட்டுவரை நேராகக் கீழே இறங்கிப் போயிற்று.

காலிக் குடத்தைச் செங்கல்லுக்கு அருகே, பூ தெரிகிற பக்கம் மண்மேட்டைப் பார்த்திருக்கும்படி வைத்தார். காற்றில் உருளாதிருக்க உள்ளே இரண்டு பிடி ஆற்று மணலைப் போட்டார். எழுந்து, கையில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டு, மோட்டார் போடும் நேரத்துக்குத் திரும்பி நடந்தார்.